சவுனா முன்னால் துலியோ போட்ட தரை

உர்ஹோ நிஸ்கலா நாற்பது வருடம் கான்கிரீட் தரை போட்டார். ஹான்காக் ஊரின் சரிவில் பாதி வீடுகளின் வண்டிப் பாதை அவர் கையால் வந்தது. எல்லாம் ஒரே நிறம், சாம்பல். வேறு நிறம் கேட்டவர்களுக்கு ஒரே பதில்தான்.

"பூ வேணும்னா தோட்டக்காரனைக் கூப்பிடு."

துலியோ பெனெத்தி தொழில் ஆரம்பித்த பிறகு ஊர் பூ கேட்கத் தொடங்கியது. துலியோ கான்கிரீட்டுக்கு நிறம் கொடுத்தார். ஈரம் போவதற்குள் ரப்பர் அச்சுகளைப் பரப்பி, மேலே ஏறி மிதித்து, அதைக் கருங்கல்லாகவும் செங்கல்லாகவும் மரப்பலகையாகவும் மாற்றினார். டாக்டர் வீட்டு முற்றம் கருங்கல் ஆனது. பாதிரியார் வீட்டு நடைபாதை செங்கல் ஆனது. அந்தத் தெருக்களில் போகும்போது உர்ஹோவின் வண்டி தானாக வேகம் குறையும்.

"கேக் மேல கிரீம் தடவுறான். இங்க விழுற பனிக்கு மூணே வருஷம். உரிஞ்சு வந்துடும், பாரு" என்பார் வீட்டுக்கு வந்து.

மூன்று வருடம் ஆனது. உரியவில்லை. ஐந்து வருடம் என்று மாற்றிக்கொண்டார்.

அவரிடம் ஒரு சாட்சி இருந்தது. சமையலறை வாசலில், கல்யாணமான 1967இல் அவரே போட்ட தளம். கரணையால் தேய்த்துத் தேய்த்துக் கண்ணாடிபோல் ஆக்கியது. முப்பது குளிர்காலத்துக்கு மேல் பார்த்தும் ஒரு செதில் உதிரவில்லை. தரை போடக் கேட்டு வருபவர்களை முதலில் அங்கேதான் நிறுத்துவார். "குனிஞ்சு தொட்டுப் பாருங்க. அப்புறம் பேசுவோம்."

அவர் மனைவி ஹெல்வி ஒன்பது வருடமாக ஒன்று கேட்டுக்கொண்டிருந்தார். கொல்லை மேட்டில் சவுனா என்னும் நீராவிக் குளியல் அறை இருந்தது. சனிக்கிழமை வெந்து சிவந்து வெளியே வந்தால் கால் வைக்கப் பாசி பிடித்த இரண்டு பலகைதான். அங்கே கல் பாவிய மாதிரி ஒரு தரை வேண்டும், கொஞ்சம் சிவப்பாக, ஏரிக்கரைப் பாறைபோல.

"கல்லு வேணும்னா கல்லைப் போடணும். கான்கிரீட்னா அது கான்கிரீட்டாத்தான் இருக்கணும்" என்பார் உர்ஹோ. கல்லும் போடவில்லை, கான்கிரீட்டும் போடவில்லை.

1998 ஆகஸ்டில் ஹெல்வி தொலைபேசியை எடுத்தார். பக்கத்து அறையில் உர்ஹோ பேப்பரை மடித்து வைத்தார்.

"யாருக்குப் போன் பண்ண?"

"காதுல விழுந்துச்சுல்ல."

"இந்த வீட்ல ஒருத்தன் நாப்பது வருஷமா இதே வேலைதான் பாக்குறான்."

"ஒன்பது வருஷமா அவனைத்தான் கேட்டேன். துலியோ ஒன்பது நிமிஷத்துல சரின்னுட்டான்."

துலியோ மறுநாளே வந்தார். நிற அட்டைகளைச் சமையலறை மேசையில் சீட்டுக்கட்டுபோல் விரித்தார். ஹெல்வி அவருக்குக் காபியும் ஏலக்காய் ரொட்டியும் வைத்தார். ரொட்டியின் ஓரத் துண்டு எப்போதும் உர்ஹோவுக்கு. அன்று அது துலியோவின் தட்டில் இருந்தது.

"இந்தச் சிவப்பு உங்க தலைமுடிக்குப் பொருத்தமா இருக்கும் ஹெல்வி."

"என் முடி நரைச்சுப் பத்து வருஷம் ஆச்சு."

"அப்ப இந்தச் சாம்பலை எடுத்துக்கங்க. உர்ஹோவுக்கும் சந்தோஷமா இருக்கும்."

ஹெல்வி வாய்விட்டுச் சிரித்தார். கராஜில் ஸ்பேனர்களை அளவு வாரியாக அடுக்கிக்கொண்டிருந்த உர்ஹோவுக்கு அந்தச் சிரிப்பு மூன்று நாள் காதில் இருந்தது. கடைசியாக அப்படிச் சிரித்தது எப்போது என்று யோசித்தார். தன்னால் சிரித்ததாக ஒன்றும் நினைவுக்கு வரவில்லை.

வேலை ஆரம்பிக்கும் முன் துலியோ அவரைத் தேடி வந்தார்.

"உர்ஹோ, மேட்டுத் தரைத் தண்ணி சரிவுல இறங்கி உன் வாசல் தளத்துலதான் வடியும். ஓரமா ஒரு கால்வாய் வெட்டிடவா?"

"என் தளம் தாங்கும். உன்னுது தாங்குமான்னு பாரு."

கான்கிரீட் போட்ட அன்று உர்ஹோ சமையலறை ஜன்னலை விட்டு நகரவில்லை. ஏழு கோப்பை காபி குடித்தார். துலியோ நிறப்பொடியை வீசும் விதம், மட்டம் தேய்க்கும் மணியாசு கட்டையை ஓட்டும் விதம், அச்சைத் தூக்கும்போது ஓரம் பிய்யாமல் உரிக்கும் விதம், எல்லாவற்றிலும் குற்றம் தேடினார். ஒன்றே ஒன்று கிடைத்தது. துலியோ ஒரு முறைகூட மேலே தண்ணீர் தெளித்துத் தேய்க்கவில்லை. "சோம்பேறி" என்றார் ஜன்னல் கண்ணாடியிடம்.

மேல்பூச்சு காய்ந்த அன்று துலியோ ஹெல்வியிடம் சொல்லிவிட்டுப் போனார். "முதல் குளிர்காலம். உப்பு மட்டும் போட்டுடாதீங்க. வழுக்குனா மணல் போதும்."

"எனக்குத் தெரியும். இந்த வீட்ல மணல்தான்" என்றார் ஹெல்வி. பழைய செம்பு ஆலைக் கரையிலிருந்து அள்ளி வந்த கறுப்பு மணல் வாசலில் ஒரு பீப்பாய் நிறைய எப்போதும் இருக்கும். அதற்குள் ஒரு காபி டப்பா.

நவம்பரில் சர்ச் காபி மேசையில் ஒரு பெண்மணி உர்ஹோவின் முதுகில் தட்டினார். "உங்க சவுனா வாசலைப் பாத்தேன் உர்ஹோ. கடைசில அழகா ஒரு தரை போட்டுட்டீங்களே!"

உர்ஹோ வாயைத் திறப்பதற்குள் ஹெல்வி முந்திக்கொண்டார். "அது துலியோ போட்டது."

சொன்ன குரலில் பெருமை இருந்தது. கல்யாணமான முப்பத்தோரு வருடத்தில் அந்தக் குரலில் யாரிடமும் "இது உர்ஹோ போட்டது" என்று அவர் சொன்னதில்லை.

அடுத்த புதன்கிழமை ஹெல்வி பகல் இரண்டு மணிக்குப் பாட்டுப் பயிற்சிக்குப் போனார். உர்ஹோ கராஜிலிருந்து உப்பு மூட்டையை இழுத்து வந்தார். வழி வழுக்குகிறது, ஹெல்வி விழுந்துவிடக் கூடாது என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டார். இரண்டு டப்பா வீசினார். சிவப்புத் தரையில் பனிக்கட்டி சடசடவென்று வெடித்து இளகியது. அந்தச் சத்தம் இனிமையாக இருந்தது. உப்புத் தண்ணீர் தரைக்குள் இறங்கும், உறையும், மறுபடி உருகும், மறுபடி உறையும். ஏப்ரலில் தரை உரியும். துலியோ வந்து பார்ப்பார். ஹெல்வியும் பார்ப்பார்.

பதினோரு புதன்கிழமை அப்படிப் போனது.

ஏப்ரல் கடைசியில் பனி வடிந்தது. அந்த வாரம் மகள் காரினா வந்திருந்தாள். மாநிலச் சாலைத் துறையின் சோதனைக்கூடத்தில் கான்கிரீட் உருளைகளை உடைத்துப் பார்ப்பது அவள் வேலை. உர்ஹோ கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு மேட்டுக்கு ஏறினார். சிவப்புத் தரையில் மேல்பூச்சு இரண்டு இடத்தில் வெளுத்திருந்தது. அவ்வளவுதான்.

கீழே காரினா கூப்பிட்டாள். "அப்பா, இங்க வாங்க."

சமையலறை வாசல் தளம் வெயில் பட்ட முதுகுபோல் உரிந்து கிடந்தது. கண்ணாடி மேற்பரப்பு தகடு தகடாகப் பெயர்ந்திருந்தது. கீழே ஜல்லி தெரிந்தது.

காரினா ஒரு தகட்டை எடுத்து உடைத்து, பூதக்கண்ணாடியில் பார்த்தாள். "இதுல காத்தே இல்லையே. காத்து சேர்க்காம ஆர்டர் பண்ணீங்களா?"

"காத்து சேர்த்தா கரணைல ஒட்டும். பளபளப்பு வராது."

"தண்ணி தெளிச்சுத் தேச்சீங்களா?"

உர்ஹோ ஒரு தகட்டை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். நல்ல கலவையில் கண்ணுக்குத் தெரியாத கோடிக்கணக்கான குமிழிகள் இருக்கும். உள்ளே போன தண்ணீர் உறைந்து விரியும்போது அவைதான் இடம் கொடுக்கும். இங்கே இடம் இல்லை. தெளித்த தண்ணீரால் மேல் தோலும் நீர்த்துப்போயிருந்தது.

"முப்பத்தோரு வருஷம் நின்னதே ஆச்சரியம். ஆனா உப்பு இல்லாம இப்படி உரியாது. அம்மா உப்பே தொட மாட்டாங்களே, எங்கேருந்து வந்துச்சு?"

உர்ஹோ மேட்டைப் பார்த்தார். சிவப்புத் தரை சரிந்து வந்து முடியும் இடத்தில், அவர் தளம் தொடங்கியது.

அன்று சனிக்கிழமை. சவுனாவில் குரல் உயர்த்தக் கூடாது, பொய் பேசக் கூடாது. சர்ச்சில் இருப்பதுபோல் இருக்க வேண்டும். உர்ஹோ அப்படித்தான் வளர்ந்தார். ஹெல்வி அகப்பையால் சூடேறிய கற்கள்மேல் தண்ணீர் ஊற்றினார். ஆவி எழுந்து அடங்கும்வரை இருவரும் தலை குனிந்திருந்தார்கள்.

"உப்பு நான்தான் போட்டேன்."

"தெரியும்."

"எப்படி?"

"புதன்கிழமை புதன்கிழமை உன் பூட்ஸ்ல வெள்ளைக் கோடு. எனக்குக் கண்ணு நல்லாத்தான் தெரியுது."

"ஏன் தடுக்கல?"

"நீயா நிறுத்துவேன்னு பாத்தேன். துலியோ தரை தாங்கும்னு நம்பினேன்." இன்னொரு அகப்பை ஊற்றினார். "உன் தரையும் தாங்கும்னு நம்பினேன்."

உர்ஹோ முகத்தைத் துண்டால் துடைத்தார்.

"முப்பத்தோரு வருஷம் தாங்குச்சே."

"கல்யாணம் ஆன வருஷம் நீ என்ன சொன்ன? இந்தக் குளிர்காலம் உப்பு போடாதே, புதுத் தரைன்னு சொன்ன. அப்புறம் போடலாம்னு நீ சொல்லவே இல்ல. நானும் போடல. மைனஸ் முப்பதுல டப்பாவோட நின்னு மணல் தூவுனது யாரு? ஊர்க்காரங்களையெல்லாம் குனிஞ்சு தொடச் சொன்னியே, ஒரு நாளாவது என்னைக் கூப்பிட்டுக் காட்டுனியா?"

கற்கள் சீறுவது நின்றது.

திங்கட்கிழமை உர்ஹோ துலியோவுக்குப் போன் செய்தார்.

"காத்து எவ்வளவு சேர்ப்ப?"

"யாரு? உர்ஹோவா? ஆறு சதவீதம். ஏன், யாருக்கு..."

வைத்துவிட்டார். நன்றி சொல்லவில்லை.

தளத்தை அவரே உடைத்தார், அவரே மறுபடி போட்டார். சாம்பல்தான். கலவை கரணையில் ஒட்டியது. பழக்கத்தில் கை தண்ணீர் வாளியைத் தேடியது. வாளி இல்லை. ஹெல்வி அதைத் தூக்கி வைத்துக்கொண்டு சமையலறை வாசலில் நின்றார்.

"குடு."

"மாட்டேன்."

பளபளப்பில்லாமல், துடைப்பம் இழுத்த கோடுகளுடன் தளம் முடிந்தது. உர்ஹோவுக்குப் பிடிக்கவில்லை. "வந்து பாரு" என்று ஹெல்வியைக் கூப்பிட்டார். ஹெல்வி வாளியைக் கீழே வைத்துவிட்டு வந்து பார்த்தார்.

அதன் பிறகு பதிமூன்று குளிர்காலம் மணல் டப்பா உர்ஹோவின் கையில் இருந்தது. முதலில் மேட்டுத் தரை, பிறகு தன் தளம். பொறாமை போகவில்லை. ஒவ்வொரு மே மாதமும் சிவப்புத் தரையில் மண்டியிட்டு, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, ஒரு செதிலாவது கிடைக்காதா என்று மூலை மூலையாகத் தேடுவார். மூட்டு வலி வந்த பிறகும் தேடினார். கடைசிவரை கிடைக்கவில்லை.

பிப்ரவரியில் இறந்தார். அடக்கம் முடிந்து எல்லோரும் காபிக்கு வீட்டுக்கு வந்தார்கள். துலியோ மட்டும் உள்ளே வராமல் சமையலறை வாசலில் குனிந்து, கையுறையால் பனியை ஒதுக்கித் தளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். கருப்புக் கோட்டின் முழங்காலில் ஈரம்.

"அச்சு இல்லாம, வெறும் கண்ணை வச்சுக்கிட்டு இந்த மட்டம் எப்படிப் பிடிச்சான்னு பதிமூணு வருஷமா பாக்குறேன் ஹெல்வி. எனக்கு வரல."

"இதை அவன்கிட்ட சொல்லியிருக்கலாம்."

"எப்படிச் சொல்றது? எனக்கு வயித்தெரிச்சல்."

ஹெல்வி பீப்பாயின் மூடியைத் திறந்து டப்பாவை எடுத்தார்.

"தள்ளி நில்லு துலியோ. மணல் போடணும்."