படகில் மாப்பிள்ளை விட்ட புகை

போன வருஷம் மழை விடாமல் பிடித்துக்கொண்டிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், மட்டாஞ்சேரியிலிருந்து எறணாகுளத்துக்குப் போகும் படகில் இது நடந்தது. இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன். “எல்லாம் முடிஞ்சு போச்சு, இனி எதுக்கு அதைக் கிளறுற” என்கிறார் என் வீட்டுக்காரர். அவருக்கு முடிந்திருக்கலாம். எனக்கு முடியவில்லை.

எங்களைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். என் மாமனாரின் அப்பா தென்காசிப் பக்கத்திலிருந்து மிளகு, சுக்கு வியாபாரத்துக்காக மட்டாஞ்சேரிக்கு வந்தவர். அப்போதிலிருந்து நாங்கள் இங்கேதான். வீட்டுக்குள் தமிழ், வாசலைத் தாண்டினால் மலையாளம். எங்கள் ஒரே மகளைக் கோயம்புத்தூர்ப் பையனுக்குக் கட்டிக் கொடுத்தோம். இரண்டு பேருக்கும் பெங்களூரில் வேலை. கல்யாணத்துக்குப் பிறகு மாப்பிள்ளை முதல் தடவையாக எங்கள் வீட்டில் நாலு நாள் தங்க வந்திருந்தார்.

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். மனதில் பட்டதை முகத்துக்கு நேரே கேட்காவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. அதனால் என் வீட்டுக்காரர் ரயில் வருவதற்கு முன்பே என்னை எச்சரித்துவிட்டார். “மாப்பிள்ளை இருக்கற வரைக்கும் வாயை அடக்கிட்டு இரு, கேட்டியா. ஏதாவது ஒண்ணு கிடக்க ஒண்ணு சொல்லி வெக்காத.”

வந்த மறுநாள் காலையில் மாடி அறையைப் பெருக்கப் போனேன். அறை முழுக்கப் பழுத்த மாம்பழ வாசனை. மாம்பழக் காலம் முடிந்து எத்தனையோ நாள் ஆகிவிட்டது. எங்கேயாவது பழம் அழுகிக் கிடக்கிறதோ என்று கட்டிலுக்கு அடியிலெல்லாம் தேடினேன். மகள் வந்து என் கையிலிருந்து துடைப்பத்தை வாங்கிக்கொண்டு மெதுவாகச் சொன்னாள். “அது வேப்பும்மா. பேட்டரில ஓடற சிகரெட். பழைய சிகரெட்ட விடறதுக்குன்னு பிடிக்கறாரு. நெருப்பு கிடையாது, சாம்பல் கிடையாது. அப்பாட்ட மட்டும் சொல்லிராத.”

அப்பாவிடம் யார் சொல்ல வேண்டும்? அடுத்த வீட்டுச் சேச்சி ஏற்கெனவே மதிலுக்கு மேலே தலையை நீட்டி அவரிடம் விசாரித்துவிட்டாள். “மருமகனு ஜலதோஷமாணோ? ஜனலினடுத்து நின்னு ஆவி பிடிக்குந்நது கண்டல்லோ.” சளிக்கு ஆவி பிடிக்கிறார் என்று நினைத்துவிட்டாள். என் வீட்டுக்காரர், “ஆமாம், பெங்களூர்க் குளிர் ஒத்துக்கலை” என்று சொல்லி மழுப்பிவிட்டு உள்ளே வந்தார். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அவர் என்னை முறைத்தார்.

ஆக, வீட்டில் எல்லோருக்கும் தெரியும். தெரியாது என்று நினைத்துக்கொண்டிருந்தவர் மாப்பிள்ளை ஒருவர்தான். எங்கள் பக்கத்தில் சிறியவர்கள் பெரியவர்களுக்கு முன்னால் சிகரெட் பிடிக்க மாட்டார்கள். பெரியவர்கள் அதைப் பார்த்துவிட்டாலும் பார்க்காத மாதிரி முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். அதுதான் இரண்டு பக்கத்துக்கும் மரியாதை. பஜாரில் நடக்கும்போது மாப்பிள்ளை நாலு அடி பின்தங்குவார், உள்ளங்கையை வாயருகே கொண்டுபோவார். நாங்கள் உடனே எதிரே இருக்கிற கடைப் பலகையைப் படிக்க ஆரம்பித்துவிடுவோம். தெருவில் போகிறவர்கள் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். ஒரு ஆட்டோக்காரர் வண்டியை நிறுத்தி, “இதெந்தா சாதனம்?” என்று கேட்டேவிட்டார். எனக்கும் நாக்கு துறுதுறுவென்றது. கடித்துக்கொண்டேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை எறணாகுளத்தில் மாப்பிள்ளைக்கு வேட்டி சட்டை எடுக்கக் கிளம்பினோம். படகில் போகலாம், துறைமுகத்தில் நிற்கும் கப்பல்களை அவருக்குக் காட்ட வேண்டும் என்று மகள் பிடிவாதம் பிடித்தாள். தண்ணீர் சூழ்ந்த ஊரில் வாழ்ந்தும் எனக்கு நீச்சல் தெரியாது. படகு என்றாலே பயம். அதைச் சொன்னால் அப்பாவும் மகளும் என்னைக் கேலி செய்வார்கள் என்று பேசாமல் ஏறினேன்.

படகில் நல்ல கூட்டம். சாரல் அடித்ததால் பக்கவாட்டுப் படுதாக்களை எல்லாம் இறக்கிவிட்டிருந்தார்கள். வலது பக்கம் முன்னால் ஒரே ஒரு இடம் மட்டும் திறந்திருந்தது. மகள் அங்கே போய், கம்பியைப் பிடித்துக்கொண்டு கப்பலைப் படம் எடுக்க நின்றாள். நாங்கள் மூன்று பேரும் படகின் நடுவே, எஞ்சினை மூடியிருந்த மரப்பெட்டிக்குப் பின்னால் இருந்த பலகையில் உட்கார்ந்தோம். நான், என் வீட்டுக்காரர், பெட்டியை ஒட்டி மாப்பிள்ளை.

பாதி தூரம் போயிருப்போம். மாப்பிள்ளை செருப்பைச் சரிசெய்வது மாதிரி குனிந்தார். எனக்குப் புரிந்துவிட்டது. மாமனார் பக்கத்தில் இருக்கிறாரே, புகை மேலே வரக் கூடாதே என்று பலகைக்கு அடியில் தலையைக் கொடுத்து ஊதினார். முதல் தடவை ஒன்றும் தெரியவில்லை. இரண்டாவது தடவை நன்றாக இழுத்திருப்பார் போலிருக்கிறது. படுதா மூடிய படகுக்குள் காற்றும் இல்லை. அந்த வெள்ளைப் புகை எஞ்சின் பெட்டியின் இடுக்கு வழியாகக் குபுகுபுவென்று மேலே வந்தது. நான் பார்த்தேன். பார்த்துவிட்டு, வழக்கம்போல முகத்தைத் திருப்பிக்கொண்டேன். என் வீட்டுக்காரர் படுதாவில் இருந்த ஓட்டையை ஆராய ஆரம்பித்தார்.

எங்களுக்கு எதிரே உட்கார்ந்திருந்த ஒரு பெண் கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு எழுந்தாள். “ஐயோ, எஞ்சினு தீ பிடிச்சே.”

அவ்வளவுதான். ஒரு நிமிஷம்கூட ஆகியிருக்காது. படகு முழுக்க, தீ, தீ என்று கத்தல். மூடிய படுதாவுக்குள் எங்கே போவார்கள்? திறந்திருந்த அந்த ஒரே இடத்தைப் பார்த்து எல்லோரும் விழுந்தடித்து ஓடினார்கள். படகு வலது பக்கமாகச் சாய்ந்தது. பைகளும் குடைகளும் என் காலைத் தாண்டிச் சறுக்கிக்கொண்டு போயின. ஓரத்தில் தண்ணீர் சளப்பென்று உள்ளே அடித்தது. முன்னால் படகை ஓட்டிக்கொண்டிருந்தவர், “ஆரும் எழுந்நேல்க்கருது, அவிடெத்தன்னெ இரிக்கு” என்று தொண்டை கிழியக் கத்தினார். எழுந்திருக்காதே, உட்கார் என்றால் அந்த நேரத்தில் யார் காதில் விழும்?

நான் மகளைத் தேடினேன். முகம் தெரியவில்லை. அத்தனை பேரும் அவள் மேல்தான் போய் விழுந்திருந்தார்கள். கம்பியைப் பிடித்திருந்த அவளுடைய ஒரு கை மட்டும் தெரிந்தது. தோளுக்கு மேலே உடம்பு படகுக்கு வெளியே இருந்தது. இன்னும் நாலு பேர் அந்தப் பக்கம் போனால் படகு கவிழும், அதற்கு முன்னால் என் பெண் தண்ணீருக்குள் போய்விடுவாள்.

திரும்பிப் பார்த்தால் மாப்பிள்ளை முகத்தில் ஈயாடவில்லை. அந்தச் சாதனத்தைக் கைக்குள் வைத்து, கையைத் தொடைக்கு அடியில் ஒளித்துக்கொண்டு, மாமனாரையே பார்த்துக்கொண்டிருந்தார். மாமனாரும் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

எனக்கு எங்கிருந்து பலம் வந்ததோ தெரியாது. மாப்பிள்ளையின் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துத் தூக்கிக் காட்டி மலையாளத்தில் கத்தினேன். “தீயல்ல, தீயல்ல. இது இவன் ஊதின புகையாணு.” அதுவரை மாப்பிள்ளை என்ற வார்த்தையைத் தவிர வேறு எதையும் சொல்லி நான் அவரைக் கூப்பிட்டதில்லை.

ஒருவரும் நம்பவில்லை. எப்படி நம்புவார்கள்? அவர் கையில் இருந்தது தடித்த பேனா மாதிரி ஒன்று. நுனியில் நெருப்பு இல்லை. “பேனயில்நின்னு புகையோ?” என்று ஒருவர் என்னைப் பைத்தியம் மாதிரி பார்த்துவிட்டு, அவரும் வலது பக்கம் ஓடப் பார்த்தார்.

“இழு” என்றேன் மாப்பிள்ளையிடம். “எல்லாரும் பாக்க இழு.”

அவர் அசையவில்லை. மாமனாரைப் பார்த்தார். அந்தப் பார்வை இன்னும் என் கண்ணில் நிற்கிறது. பள்ளிக்கூடத்தில் அடி வாங்கக் கை நீட்டும் பிள்ளை மாதிரி இருந்தது. என்னை வாயை அடக்கச் சொன்ன அதே மனுஷன் அவர் தோளில் கையை வைத்துச் சொன்னார். “இழுங்க மாப்பிள்ளை. நல்லா இழுத்து மேல ஊதுங்க.”

மாப்பிள்ளை எஞ்சின் பெட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றார். இழுத்தார். கூரையைப் பார்த்து ஊதினார். அதே வெள்ளைப் புகை. “இன்னும்” என்றேன். மறுபடியும் ஊதினார். இருமல் வந்தது, கண்ணில் நீர் வந்தது. “நிறுத்தாத, ஊது” என்றேன். மாமியார் அதட்ட அதட்ட, மாமனார் கண்ணெதிரே மாப்பிள்ளை புகை விட்டார். அதற்குள் எஞ்சின் பார்க்கிறவர் பெட்டியின் மூடியைத் தூக்கி, உள்ளே ஒன்றுமில்லை என்று காட்டினார். ஒருவர் பார்த்தார், பக்கத்தில் இருந்தவரை இழுத்துக் காட்டினார். கத்தல் அடங்கியது.

பயம் அதோடு தீரவில்லை. எல்லோரும் ஒன்றாகத் திரும்பி ஓடிவந்தால் படகு இடது பக்கம் கவிழ்ந்துவிடும். ஓட்டுகிறவர், “ஓரோருத்தராயிட்டு, பதுக்கெ” என்று கையைக் காட்டிக் காட்டி ஒவ்வொருவராக, மெதுவாக நகர்த்தினார். ஒருவர் நகரும்போதும் படகு ஆடியது. அந்த நேரத்தில் நான் கும்பிடாத சாமி இல்லை. கடைசியில் படகு நிமிர்ந்தது. நான் தவழ்கிற மாதிரி போய் மகளைப் பிடித்தேன். கம்பியில் இருந்த அவள் விரல்கள் பிரியவே இல்லை. ஒவ்வொன்றாக நான்தான் பிரித்து எடுத்தேன். உயிர் போய் உயிர் வந்தது எனக்கு.

தீ இல்லை என்று தெரிந்ததும் எல்லோருக்கும் கோபம் வந்தது. ஒருவர் மாப்பிள்ளையின் சட்டையைப் பிடித்தார். நாலைந்து பேர் செல்போனைத் தூக்கிப் படம் எடுத்தார்கள். போலீஸில் பிடித்துக் கொடுக்க வேண்டும், இந்தச் சாதனத்தை நம் நாட்டில் விற்கவே கூடாது, தெரியுமா என்று ஒரு இளைஞர் என் வீட்டுக்காரரிடம் சத்தம் போட்டார். அடிக்கப் போகிறார்கள் என்றே பயந்தேன். என்ன சொல்லித் தடுப்பேன்? அவர்கள் கோபத்தில் என்ன தப்பு?

மாப்பிள்ளை யாரையும் எதிர்த்துப் பேசவில்லை. கையைக் கூப்பிக்கொண்டு ஒவ்வொரு பலகையாகப் போனார். மலையாளம் தெரியாது. “மன்னிச்சிருங்க, தப்பு என்னோடதுதான்” என்று தமிழிலேயே சொல்லிக்கொண்டு போனார். சிலர் திட்டினார்கள். சிலர் போகட்டும் என்று கையை அசைத்தார்கள். முதலில் கத்திய அந்தக் குழந்தைக்காரி மட்டும் அவரைப் பார்க்கவே இல்லை. குழந்தையை மார்போடு இறுக்கிக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவள் செய்ததுதான் சரி என்று எனக்குப் பட்டது. இறங்கும்போது படகு ஓட்டியவர் கையை நீட்டினார். மாப்பிள்ளை அந்தச் சாதனத்தை அவரிடம் கொடுத்துவிட்டார். போலீஸ் என்று சத்தம் போட்ட இளைஞரும் கூட்டத்தோடு தன் வழியைப் பார்த்துப் போய்விட்டார்.

படகுத்துறைக்கு வெளியே ஒரு சிமெண்டுப் பலகையில் உட்கார்ந்தோம். வேட்டி சட்டையெல்லாம் யாருக்கு ஞாபகம்? மகள், “அம்மா, வீட்டுக்கு பஸ்லயே போலாம்” என்று மட்டும் சொன்னாள். அவள் முழங்கையில் இரத்தம் கட்டியிருந்தது. மாப்பிள்ளை அதைத் தொடப் போனார், அவள் கையை இழுத்துக்கொண்டாள்.

கொஞ்ச நேரம் கழித்து அவர் என்னிடம் கேட்டார். “அத்தை, நான் பிடிக்கறது உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?”

“வந்த மறுநாளே தெரியும்.”

“மாமாவுக்கு?”

“அவருக்கும் தெரியும்.”

“அப்புறம் ஏன் ஒரு வார்த்தை கேக்கல?”

“கேக்கப் பயமா இருந்தது” என்றேன். என் வாயிலிருந்து அப்படி ஒரு பதில் வரும் என்று நானே நினைக்கவில்லை.

“எனக்கும் உங்க முன்னாடி அதை எடுக்கப் பயமா இருந்ததுங்க அத்தை. அதான் குனிஞ்சேன்” என்றார். அப்படியே இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். என் வீட்டுக்காரர் அவர் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தார். எனக்கு மாப்பிள்ளை மேல் கோபமும் வந்தது, பாவமாகவும் இருந்தது.

ஒரே பலகையில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு ஒருவருக்கொருவர் பயந்திருக்கிறோம். அந்தப் பயத்துக்கு மரியாதை என்று பெயர் வேறு வைத்திருக்கிறோம். எங்கள் மரியாதைக்காக, எங்களை யாரென்றே தெரியாத ஒரு படகுக் கூட்டம் தண்ணீரில் போயிருக்கும்.

மாப்பிள்ளை அந்தப் பழக்கத்தை அடியோடு விட்டுவிட்டாரா என்றால், இல்லை. போனில் பேசும்போது நேராகவே கேட்கிறேன். “குறைச்சிருக்கேன் அத்தை” என்கிறார். வெளியில் நாலு பேர் இருக்கிற இடத்தில் எடுக்கிறீர்களா என்று அதையும் கேட்கிறேன். பக்கத்திலிருந்து என் வீட்டுக்காரர், “போதும், வை” என்று கையைக் காட்டுவார். நான் வைப்பதில்லை. கேட்டால் மாப்பிள்ளை இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார், அவ்வளவுதானே. அன்றைக்கு என் மகள் அந்தக் கம்பியை விட்டிருந்தால், அதற்குப் பிறகு நான் யாரிடம் போய் என்ன கேட்டிருப்பேன்?