விளிம்புவரை

கானா ஊர்க் கலியாணத்தில் சாடிகளில் விளிம்புவரை தண்ணீர் நிரப்பிய வேலைக்காரர்கள், அது திராட்சை இரசமாக மாறிய பிறகு தாங்களும் அதில் ஒரு வாய் குடித்துப் பார்த்திருப்பார்களா? ஞாயிறு மறைக்கல்வி வகுப்பில் பிள்ளைகளுக்கு இந்தக் கதையைச் சொல்லிக்கொடுக்கும் எனக்கு இன்றுவரை விடை தெரியவில்லை. தண்ணீர் அள்ளியவர்களுக்கு உண்மை தெரிந்திருந்தது என்று நற்செய்தி சொல்கிறது. குடித்தார்களா என்று சொல்லவில்லை.

நான் அந்தக் கதையை முதன்முதல் கேட்டது எங்கள் தீவுக் கிராமமான சுருவிலில், எட்டு வயதில், மறைக்கல்வி சிஸ்டரிடம். எங்கள் கிணறுகள் உவர். குளிக்கலாம், சட்டிபானை கழுவலாம். குடிக்கிற தண்ணீர், நல்ல தண்ணீர்க் கிணறுகள் உள்ள பக்கத்து ஊரான சாட்டியிலிருந்து வண்டிலில் வரவேண்டும். அதனால் தண்ணீர் திராட்சை இரசமானது எங்களுக்குப் பெரிய புதுமையாகப் படவில்லை. கை கால் கழுவுவதற்கென்றே ஒரு வீட்டில் ஆறு கற்சாடிகள் வைத்திருந்தார்களே, அதுதான் வாயைப் பிளக்க வைத்தது.

"சிஸ்டர், அவையின்ர கிணறு நல்ல தண்ணிக் கிணறோ?" என்று ஒருத்தி கேட்டாள்.

"அது வேதத்தில இல்லைப் பிள்ளை" என்றார் சிஸ்டர், சிரிக்காமல்.

அந்த வருடமே சின்னம்மாவுக்குக் கலியாணம். அம்மாவின் ஒரே தங்கை. தகப்பன் கடலில் போனபிறகு அவரை வளர்த்து ஆளாக்கியது அம்மாதான். பேச்சுக்கு வந்த அன்று மாப்பிள்ளையின் தாயார் எங்கள் வீட்டுத் தண்ணீரில் ஒரு மிடறு குடித்துவிட்டுச் செம்பைத் தள்ளி வைத்தார்.

"இதென்ன, கடலை மொண்டு தாறியளோ? என்ர ஆக்களுக்கு இது ஒத்துவராது. கலியாணத்துக்காவது சாட்டித் தண்ணி எடுங்கோ."

எல்லோரும் சிரித்தார்கள். "ஓம் மாமி, குறைவில்லாமல் எடுப்பம்" என்று அம்மாவும் சிரித்தார். ஆனால் அன்றிலிருந்து அவருக்கு வேறு யோசனையே இல்லை. கலியாணத்தன்று ஒரு செம்புத் தண்ணீர் குறைந்தால், தங்கை அந்த வீட்டில் காலமெல்லாம் அதைக் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும்.

கலியாணக் காலையில் வண்டில் ஒருதரம் வந்தது. பிறகு வரவில்லை. படையினர் வீதியை மூடிவிட்டார்கள். அந்நாட்களில் ஏன் என்று ஒருவரும் கேட்பதில்லை. பூசை முடிந்து மாப்பிள்ளை வீட்டார் பந்தலில் வந்து இருந்தபோது, குசினியில் கிடாரத்தில் அரைவாசித் தண்ணீர்தான். முதற் பந்திக்கே காணாது.

அம்மா கிடாரத்தை எட்டிப் பார்த்தார். பிறகு கூறைச்சேலைக்குப் பொருத்தமாக எடுத்த புதுச்சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு பின்வளவுக் கிணற்றுக்குப் போனார். வாளி வாளியாக அள்ளி வந்து கிடாரத்தில் ஊற்றினார், விளிம்புவரை. அவரது உதடுகள் அசைந்துகொண்டே இருந்தன. கதவடியில் நின்று நான் பார்த்துக்கொண்டிருந்தேன். சிஸ்டர் சொன்னபடியே எல்லாம் நடக்கிறதே!

பந்தலுக்கு ஓடினேன். மாப்பிள்ளையின் தாயார் கையில் செம்பு இருந்தது.

"அது எங்கட கிணத்துத் தண்ணி" என்றேன். "அம்மா செபம் சொல்லி நல்ல தண்ணி ஆக்கிப்போட்டா."

குடத்தோடு வந்த அம்மா அப்படியே நின்றுவிட்டார். சின்னம்மா மணவறையில் தலையைக் குனிந்துகொண்டார். மாப்பிள்ளையின் தாயார் என்னைப் பார்த்தார். அம்மாவின் நனைந்த சேலைக்கரையைப் பார்த்தார். பிறகு அண்ணாந்து, செம்பு காலியாகும்வரை குடித்தார்.

"ஓம் பிள்ளை. சாட்டித் தண்ணியிலும் திறம். இன்னொருக்கா வார்க்கச் சொல்லு."

பக்கத்தில் இருந்த அவருடைய தம்பி ஒரு வாய் குடித்துவிட்டு, "அக்கா, இது..." என்று தொடங்கினார்.

"நீர் வாயை மூடிக்கொண்டு குடியும்!"

அது எப்படி முடியும் என்று அவர் கேட்கவில்லை. குடித்தார். பந்தி முழுக்கக் குடித்தது. கடைசிப் பந்திக்குப் பிறகும் கிடாரத்தில் தண்ணீர் மிச்சம்.

எல்லோரும் போனபின் நானும் ஒரு செம்பு அள்ளிக் குடித்தேன். உப்புக் கரித்தது. எல்லோருக்கும் மாறிய தண்ணீர் எனக்கு மட்டும் மாறவில்லை. நான் செய்த ஏதோ பாவந்தான் என்று எண்ணிப் பலநாள் பயந்து திரிந்தேன்.

போன கிழமை இதை என் மகளுக்குச் சொன்னேன். சொல்லியிருக்க வேண்டாமோ என்று இப்போது படுகிறது. "அப்ப மாப்பிள்ளையின்ர அம்மா பொய்யோ சொன்னவ?" என்று கேட்கிறாள். ஓம் என்றால், அந்த மனுசி அன்று எங்களுக்குத் தந்தது சிறுத்துப்போகும். இல்லை என்றால், தன் பாவங்களைக் குருவிடம் சொல்லும் முதற் பாவசங்கீர்த்தனத்துக்கு ஆயத்தமாகிற பிள்ளைக்கு நான் எதைப் படிப்பிக்கிறேன்? இதை வாசிக்கிற தாய்மாரே, உங்கள் பிள்ளை கேட்டால் என்ன சொல்வீர்கள்? தயவுசெய்து எழுதுங்கள்.