மாமாவின் அகல அஸ்திவாரம்

என் தாய்மாமா வீடு கட்டும் கான்ட்ராக்டர். ஊர் அவருக்கு வைத்த பெயர் 'அகலம்'. மேசை, மோதிரம், பேச்சு, எதுவும் அவருக்குச் சிறியதாக இருக்கக் கூடாது. மணல் தரையில் அஸ்திவாரத்தை அகலமாகப் போட்டால் அது தாங்கும் சுமை கூடும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். உண்மைதான். அந்த அரை உண்மையை வைத்தே தொழிலை ஓட்டிவிட்டார்.

ஒரு டாக்டர் புது ஆஸ்பத்திரி கட்டவிருந்தார். மாமா கட்டும் சொந்த வீட்டைப் பார்த்துப் பிடித்தால்தான் வேலை என்றார். மாமாவுக்குத் தலைகால் புரியவில்லை. அந்த வீட்டுக்காக மணலில் தோண்டிய குழியில் சாப்பாட்டுத் தட்டளவு இரும்புத் தகடு வைத்து, மேலே மூட்டைகளை அடுக்கினார். தகடு இறங்கினதே தெரியவில்லை.

"பாத்தியா? எல்லாத் தூணுக்கும் சதுர அடிக்கு இதே சுமைதான். ஹால் தூணுக்குக் கட்டில் அளவு அஸ்திவாரம், சமையலறைக்கு ஸ்டூல் அளவு."

"மாமா, சின்னத் தகடு மேலாப்புல இருக்கற மணலை மட்டும்தான் அமுக்கும். அகலமானது ஆழம் வரைக்கும் அமுக்கும். அதே அழுத்தத்துல பெருசுதான் அதிகமா இறங்கும். உடையாது, இறங்கும்."

"மாப்ள, நீ மணலைப் பாத்ததே பரீட்சைத்தாள்லதானே?"

எங்கள் குடும்பத்தின் முதல் இன்ஜினியர் நான். வீட்டுக்குப் போய்ப் புத்தகத்தைப் புரட்டினேன். நான் சொன்னது சரிதான். சரியாகச் சொன்னதைக் கேட்கவைப்பது எப்படி என்றுதான் அதில் இல்லை.

கதவுகளைப் பொருத்திய பிறகு, டாக்டர் அசந்துபோக மாடியும் எழுப்பினார் மாமா. சுமை ஏற ஏற ஹால் அதிகமாக இறங்கியது, சமையலறை கொஞ்சமாக. நடுச்சுவர் வாய் பிளந்தது.

வீட்டைப் பார்க்க வந்த டாக்டர் விரிசலுக்குள் விரலை விட்டுப் பார்த்தார்.

"இது என்னங்க?"

"காத்தோட்டம் சார்."

சமையலறைக்குள்ளிருந்து அத்தையின் குரல் வந்தது: "என்னங்க, கதவு இறுகிடுச்சு! டீ ஆறுது!"

மாமா தோளால் இடித்தார். சிமெண்ட் உதிர்ந்தது, கதவு அசையவில்லை. டாக்டர் என் பக்கம் திரும்பினார். "இன்ஜினியர்னு சொன்னாங்களே, நீங்கதானா?"

"கணக்கெல்லாம் அவன்தான் சார் போட்டான்," என்றார் மாமா, கூசாமல்.

"பொய் சொல்லாதீங்க!" கதவுக்குப் பின்னாலிருந்து அத்தை. "அவன் தலைப்பாடா அடிச்சுக்கிட்டான், நீங்கதான் கேக்கல!"

"ஆபரேஷன் தியேட்டர்ல நானும் இப்படி மாட்டிக்கணுமா?" என்று கேட்டுவிட்டு டாக்டர் காரேறினார்.

கடப்பாரையால் கதவைப் பெயர்த்து அத்தையை மீட்டோம். மாமா ஆறிய டீயைக் குடித்தார்.

"மாப்ள, ஹாலை மேல தூக்க முடியுமா?"

அவர் என்னிடம் யோசனை கேட்டது அதுதான் முதல் தடவை. தெரியாவிட்டாலும், முடியும் என்று சொல்ல நாக்கு துடித்தது.

"தெரியல மாமா," என்றேன்.