சும்மாவாச்சும் மிதிங்க

யுத்த காலத்தில் நூலுக்குத்தான் பஞ்சம் என்று நினைத்திருந்தோம். பிறகு தாளுக்கும் வந்தது. வெண்ணந்தூரில் தறிக்குழியில் உட்கார்ந்தபடியே கதை எழுதிப் பழகிய எனக்கு, நூல் கட்டு சுற்றி வரும் தாள்தான் கதி.

நான்காவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். ஒரு வாக்கியம் எழுதினால் அது சரிதானா என்ற கவலை சோற்றில் கை வைக்க விடாது. அடிப்பேன், அடித்ததையே மறுபடி எழுதுவேன். அதனால் எதை எழுதினாலும் சூரமங்கலத்துக்கு எடுத்துப் போய்ச் சிநேகிதனிடம் காட்டுவேன். என்னோடு படித்தவன், மேலேயும் படித்து ரயில் ஆபீசில் குமாஸ்தாவானவன். அவனும் கதை எழுதுகிறவன். அவன் நீலப் பென்சிலால் கோடு போட்டால்தான் எனக்கு நிம்மதி.

அந்தத் தடவை எழுதியது எங்கள் வீட்டுக் கதை. நூல் இல்லாமல் தறி நின்றுபோயிருந்தது. பிறந்ததிலிருந்து தறிச் சத்தத்திலேயே தூங்கிய குழந்தை, சத்தம் நின்றதும் தூங்க மறுத்தது. ஒரு மத்தியானம், தொட்டிலை ஆட்டி அலுத்துப்போன என் மனைவி சொன்னாள்: "ஏனுங்க, சும்மாவாச்சும் மிதிங்க. புள்ள தூங்கட்டும்." பாவு நூல் ஏற்றாத தறியில் இறங்கி மிதிபலகையை மிதித்தேன். குழந்தை தூங்கியது. நிறுத்தப் பயந்து மிதித்துக்கொண்டே இருந்தேன்.

அந்த இடம் முழுவதையும் சிநேகிதன் அடித்தான். கொச்சைப் பேச்சு, பத்திரிகைக்காரர்கள் சிரிப்பார்கள் என்றான். அவன் சொன்னபடி, "நாதா, விதி நம்மை இப்படியும் வதைக்குமா?" என்று அவள் கேட்பதாக மாற்றினேன். வீட்டில் வாசித்துக் காட்டியபோது, "யாருங்க அந்தம்மா?" என்றாள் மனைவி. அடித்த தாள்களைப் பின்பக்கம் எழுத ஆகும் என்று சிநேகிதனே வைத்துக்கொண்டிருந்தான். அந்தப் பஞ்சத்தில் எல்லோரும் செய்வதுதான்.

அனுப்பிய பத்திரிகையிலிருந்து என் கதை திரும்பி வந்தது.

சில மாதம் கழித்து, கொஞ்சம் நூல் கிடைக்கத் தொடங்கிய சமயம், அதே பத்திரிகையில் அவன் கதை வந்தது. நான் வாசிக்க, மனைவி இராட்டையில் நூலைத் தாராகச் சுற்றிக்கொண்டே கேட்டாள். நின்ற தறி. தொட்டில். மத்தியானம். அடுத்து என்ன வரும் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. ஆனாலும் வாய் நிற்கவில்லை. வாசித்துவிட்டேன். இராட்டை நின்றது.

"இது நாஞ் சொன்னதுங்க. உங்க கதையில இதக் காணமே. அவருக்குக் குடுத்துட்டீங்களா?"

மறுநாளே சூரமங்கலம் போனேன். எப்படிக் கேட்பது என்று பஸ்ஸில் மனசுக்குள்ளேயே எழுதி எழுதி அடித்தேன். அவன் சிரித்த முகமாகக் காப்பி வரவழைத்தான்.

"நீ வேண்டாமுன்னு தள்ளுனதுதானப்பா" என்றான்.

"தள்ளச் சொன்னது நீதானே?"

"உன் கதைக்கு ஆகாதுன்னேன். என் கதைக்கு ஆச்சு."

காப்பி ஆறிப்போயிற்று. எழுந்து வந்துவிட்டேன். அதற்குப் பிறகு அவனிடம் எதையும் காட்டவில்லை.

நான் குடுக்கவில்லை என்று மனைவியிடம் சொன்னேன். ஒரு நாள் குழந்தையைப் பற்றி ஏதோ சொல்லச் சிரித்துக்கொண்டே தறிக்குழி வரை வந்தாள். என் கையில் பென்சிலைப் பார்த்தாள். "ஒண்ணுமில்லீங்க" என்று திரும்பிப் போய்விட்டாள். அவள் சொல்ல வந்தது என்னவென்று எனக்கு இன்றுவரை தெரியாது.