மூன்று மான் சுருட்டு லேபிளில் இருந்த முகம்

இன்று அயர்னிங் செக்ஷனில் ஒரு மனிதரின் முகத்தை அழித்துவிட்டேன்.

பயப்படாதீர்கள், போலீஸ் கேஸ் இல்லை. (இருந்திருந்தால் தேவலை.)

நான் பழைய சுருட்டு லேபிள் சேர்க்கிறவன் என்பது உங்களுக்குத் தெரியும். படிக்கத் தெரியாதவர்களும் படத்தைப் பார்த்துச் சுருட்டு கேட்ட காலத்தவை அவை. போலி வரக்கூடாது என்று சில முதலாளிகள் தங்கள் முகத்தையே அச்சடித்தார்கள்.

எங்கள் பனியன் கம்பெனியில் தைத்த துணியில் பழுது பார்க்கும் செக்கிங் வேலை செய்கிற சரசக்கா போன வாரம் ஒரு சுருட்டுப் பெட்டி கொண்டுவந்தார். வெள்ளகோவிலில் அத்தை வீட்டுப் பரணில் கிடைத்ததாம்.

"எங்கப்பாரு சொந்தமாப் போட்டு வித்த மூணு மான் சுருட்டுங்க தம்பி. லேபிள்ல அவரு படம் இருக்குதுன்னு அத்தை சொன்னாங்க. ஒரே கரியா இருக்குது, ஒண்ணும் தெரியலீங்க. பிரிச்சு பிரேம் போட்டுத் தர்றீங்களா? எம் பொண்ணு பாப்பா கல்யாணத்துல வெக்கோணுங்க."

அப்பா இறந்தபோது அக்கா கைக்குழந்தை. வேறு போட்டோ கிடையாது.

நேற்று பஞ்சால் மெதுவாகத் துடைத்தேன். முகம் பளிச்சென்று வந்தது. அக்காவைக் கூப்பிடவில்லை, பிரேம் போட்டே காட்டலாம் என்றிருந்தேன். போட்டோவும் அப்புறம் எடுத்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

பெட்டியிலிருந்து லேபிளைப் பிரிக்க, ஈரத்துணி போட்டு இரண்டு நாள் காத்திருக்க வேண்டும். திருப்பூர்க்காரன் எதற்குக் காத்திருப்பான்? எங்களுக்கு எல்லாவற்றுக்கும் ஸ்டீம் அயர்ன்தான் மருந்து. பனியன் வேஸ்ட் துணி ஒன்றை மேலே விரித்து, ஸ்டீம் அடித்து அழுத்தினேன்.

துணியை எடுத்தால் வண்ணமெல்லாம் அதோடு வந்துவிட்டது. தாளில் மான்களின் கால்கள் மட்டும் மிச்சம். துணியில் ஒரு பழுப்புக் கறை.

அக்காவிடம் போய்ச் சொன்னேன். திட்டவில்லை. துணியை டேபிள் லைட்டுக்கு அடியில் விரித்து, பனியன் பீஸில் பழுது பார்க்கிற மாதிரியே திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நீங்க மொகத்தப் பாத்தீங்கல்லங்க தம்பி?"

"பாத்தேனுங்க்கா."

"மீசை இருந்துச்சுங்களா?"

தங்க பார்டர் எவ்வளவு அகலம், எத்தனை வண்ணம், அச்சகத்தின் பெயர் எந்த மூலையில், எல்லாம் ஞாபகம் இருக்கிறது. முகத்தைத்தான் நான் சரியாகப் பார்க்கவே இல்லை.

"இருந்துச்சுங்க்கா. பெரிய மீசை."

"செரீங்க. பாப்பாகிட்டச் சொல்றேன்."

நண்பர்களே, யாரிடமாவது மூன்று மான் சுருட்டு லேபிள் இருக்கிறதா? எனக்குத் தர வேண்டாம். மீசை இருக்கிறதா என்று மட்டும் பார்த்துச் சொல்லுங்கள்.