கேட்காத கேள்விக்கு ஓர் ‘ஆமாங்க’

போன வருஷம் மார்ச் மூன்றாம் தேதி. ஜலகண்டாபுரத்தில் நாங்கள் குடியிருக்கும் வீட்டில், காலை எட்டு மணி இருக்கும். தறிக்குக் கிளம்புவதற்கு முன்னால், வழக்கம்போல் தினசரி காலண்டரில் முந்தின நாள் தாளைக் கிழித்தேன். அடியில் இருந்த தாளைப் படித்துவிட்டு அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். அன்று நான் தறிக்குப் போகவில்லை.

என்ன எழுதியிருந்தது என்று சொல்வதற்கு முன்னால் என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நான் விசைத்தறி ஓட்டுகிறவன். பத்தாவதோடு பட்டறைக்குள் போனவன், இப்போது ஐம்பத்து மூன்று வயது. பட்டறைக்குள் இருபத்து நாலு தறி ஒரே நேரத்தில் ஓடும். அந்தச் சத்தத்தில் யாரும் வாய்விட்டுப் பேசுவதில்லை. டீ வந்தால் இரண்டு விரலை வாய்க்கு நேராகக் காட்டுவோம். நூல் அறுந்தால் விரலைச் சுண்டிக் காட்டுவோம். மற்றபடி எதிரே இருப்பவரின் உதட்டைப் பார்த்தே என்ன சொல்கிறார் என்று புரிந்துகொள்வோம். வருஷக்கணக்கில் இப்படியே பழகியதால், வெளியே வந்தபின்னும் நான் எல்லாருடைய உதட்டையும்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். காது மந்தமாகிக்கொண்டே போனது எனக்கே சரியாகத் தெரியவில்லை. தெரிந்த பிறகும் யாரிடமும் சொல்லவில்லை. இயல்பிலேயே நான் கூச்சக்காரன். ‘என்ன சொன்னீங்க?’ என்று ஒரு தரம் கேட்கலாம், இரண்டாம் தரம் கேட்க வெட்கமாக இருக்கும். அதனால் புரியாவிட்டால் ‘ஆமாங்க’ என்று சொல்லிவிடுவேன். எங்கள் பக்கத்தில் ‘ஆமாங்க’ என்றால் எதிராளிக்குத் திருப்தி. பேச்சு அதோடு முடிந்துவிடும். அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு பத்து வருஷம் ஓட்டிவிட்டேன்.

வீட்டில் நானும் என் மகளும்தான். என் மனைவி இறந்து ஆறு வருஷமாகிறது. மகள் ஓமலூரில் ஒரு சின்ன மருத்துவமனையில் ரத்தப் பரிசோதனை செய்கிற வேலையில் இருக்கிறாள். அவள் அம்மா படுக்கையில் கிடந்த காலத்தில்தான் அந்தப் படிப்பைப் படித்தாள். அந்த மருத்துவமனையில் வாசல் பக்கம் ஒரு வெள்ளைப் பலகை உண்டு. அதில் தினமும் காலையில் ‘இன்று இன்ன தினம்’ என்று எழுத வேண்டியது அவள் பொறுப்பு. புற்றுநோய் தினம், வானொலி தினம், தாய்மொழி தினம், சிட்டுக்குருவி தினம் என்று வருஷம் முழுக்க ஏதாவது ஒன்று இருந்துகொண்டே இருக்கும். மறந்துவிடக் கூடாது என்று ஜனவரி மாதமே, மளிகைக் கடையில் கொடுத்த எங்கள் வீட்டுக் காலண்டரை மடியில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு தாளாகப் புரட்டி அந்தந்த நாளின் பெயரைப் பென்சிலால் ஓரத்தில் எழுதிவிடுவாள்.

காலையில் தலை பின்னிக்கொண்டே என்னைக் கேட்பாள். “அப்பா, இன்னைக்கு என்ன நாளு தெரியுங்களா?”

நான் காலண்டரைப் பார்த்துச் சொல்வேன். ஒருநாள் உறக்க தினம் என்று சொன்னதற்கு, “அப்ப இன்னைக்குத் தறிக்குப் போகாம தூங்குங்க, நான் முதலாளிக்கு லெட்டர் தாரேன்” என்றாள். அப்படித்தான் எங்கள் காலைகள் போய்க்கொண்டிருந்தன.

அந்த வருஷம் தை மாசக் கடைசியில் சங்ககிரியில் இருந்து ஒரு மாப்பிள்ளை வீட்டார் பெண் பார்க்க வந்தார்கள். லாரி வைத்திருக்கும் குடும்பம், நல்ல மனிதர்கள். உதவிக்கு என் அக்கா வந்திருந்தார். மகளும் அக்காவும் உள்ளே இருந்தார்கள். நானும் மாப்பிள்ளையின் அப்பாவும் எதிரெதிரே உட்கார்ந்திருந்தோம். தலைக்கு மேல் மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது. அவருக்குப் பெரிய மீசை. போதாக்குறைக்குக் காபியைக் குடித்துவிட்டுத் துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டே என்னவோ கேட்டார். உதடு தெரியவில்லை. ‘கல்யாணத்துக்கு அப்புறம்’ என்பது மட்டும் காதில் விழுந்தது. முகம் சிரித்தபடி இருந்ததால் நல்லதைத்தான் கேட்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

“ஆமாங்க, ஆமாங்க” என்றேன்.

அவருக்கு ரொம்பச் சந்தோஷம். பங்குனியில் உறுதி செய்துகொள்ளலாம் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார்கள். அவர் கேட்டது என்ன என்பது எனக்கு மூன்று வாரத்துக்கு மேல் தெரியாது. ‘கல்யாணத்துக்கு அப்புறம் பொண்ணு வேலைக்குப் போகாதுங்களே?’ என்று கேட்டிருக்கிறார். அதற்குத்தான் இரண்டு ஆமாங்க போட்டிருக்கிறேன்.

அன்று சாயங்காலம் அக்காவைப் பஸ் ஏற்றிவிட்டு வந்து டி.வி. பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்குப் பின்னால் சமையலறை வாசலில் நின்று மகள் ஏதோ கேட்டிருக்கிறாள். திரும்பிப் பார்க்காமலே “ஆமா சாமி” என்றேனாம். மகளை நான் சாமி என்றுதான் கூப்பிடுவேன். எனக்கு அது நினைவில்கூட இல்லை.

அதற்குப் பிறகு அவள் என்னிடம் பேசுவதைக் குறைத்துக்கொண்டாள். சோறு போடுவாள், துணி துவைத்து வைப்பாள், வேலைக்குப் போவாள். எனக்கு வித்தியாசமாக ஒன்றும் படவில்லை. இதை எழுதும்போதே வெட்கமாக இருக்கிறது. அவள் வாயைத் திறக்காமல் இருப்பதற்கும், எனக்குக் காது கேட்காமல் இருப்பதற்கும் வேறுபாடு தெரியவில்லை. காலையில் தாளைக் கிழித்தால் பென்சில் எழுத்து இருந்தது. வானொலி தினம் என்று இருந்தது, தாய்மொழி தினம் என்று இருந்தது. அதைப் படித்துவிட்டு, மகள் பேசியதாகவே நினைத்துக்கொண்டு தறிக்குப் போனேன். அதெல்லாம் அவள் ஜனவரியில் எழுதியது என்பது எனக்கு உறைக்கவே இல்லை.

மார்ச் மூன்றாம் தேதித் தாளில் ‘உலக செவித்திறன் தினம்’ என்று எழுதியிருந்தது. அதற்குக் கீழே இன்னும் சின்ன எழுத்தில், ‘ஆஸ்பத்திரியில் கேம்ப். அப்பாவைக் கூட்டிட்டுப் போகணும். கேட்டா ஆமாம்பாங்க, ஆனா வர மாட்டாங்க’ என்று இருந்தது.

மகள் அரை மணி நேரத்துக்கு முன்பே கிளம்பிப் போயிருந்தாள். என்னைக் கூப்பிடவில்லை. ஜனவரியில் என்னைக் கூட்டிப்போக நினைத்தவள், மார்ச்சில் கூப்பிடாமல் போயிருக்கிறாள். நடுவில் என்ன நடந்தது? உட்கார்ந்து யோசித்துப் பார்த்தபோதுதான் அவள் தலை பின்னிக்கொண்டே கேட்கும் கேள்வியைக் கேட்டு எத்தனையோ நாளாகிவிட்டது என்று புரிந்தது. எத்தனை நாள் என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. வெள்ளைச் சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டு ஓமலூர் பஸ் ஏறினேன்.

மருத்துவமனை வாசலில் பேனர் கட்டியிருந்தார்கள். வந்திருந்தவர்களை வரிசையாக நிற்க வைத்து உறுதிமொழி சொல்லச் சொன்னார்கள். ஒருவர் சொல்லச் சொல்ல எல்லாரும் திருப்பிச் சொன்னார்கள். எனக்கு ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. பக்கத்தில் இருந்தவரைப் பார்த்து வாயை அசைத்தேன். அந்தப் பேனருக்கு முன்னால் நிறுத்திப் போட்டோவும் எடுத்தார்கள். செவித்திறன் காப்போம் என்ற உறுதிமொழியை, கேட்காமலேயே எடுத்துக்கொண்டவன் நான்.

பிறகு கண்ணாடி வைத்த ஒரு சின்ன அறைக்குள் உட்கார வைத்தார்கள். காதில் மாட்ட ஒரு கருவி, கையில் ஒரு பட்டன். சத்தம் கேட்கும்போதெல்லாம் பட்டனை அமுக்க வேண்டும். கண்ணாடிக்கு அந்தப் பக்கம், சோதனை செய்கிற பெண் உட்கார்ந்திருந்தது. என் மகள் வயதுதான் இருக்கும். அந்தப் பெண் மெஷினில் விரலை வைக்கும்போதெல்லாம் நான் பட்டனை அமுக்கினேன். ஏமாற்ற வேண்டும் என்று நினைத்துச் செய்யவில்லை. பட்டறையில் கையைப் பார்த்தே வேலை செய்து பழகிய கண், அது தானாகச் செய்தது.

கொஞ்ச நேரத்தில் அந்தப் பெண் எழுந்து உள்ளே வந்து, சிரித்துக்கொண்டே என் முகத்துக்கு நேராக நின்று கேட்டது. “ஏனுங்க, நான் சத்தமே குடுக்காம கையை மட்டும் வெச்சாலும் அமுக்கறீங்களே, அது எப்படிங்க கேக்குது?”

எனக்கு முகமெல்லாம் வேர்த்துவிட்டது. அந்தப் பெண் நாற்காலியைச் சுவரைப் பார்க்கத் திருப்பிப் போட்டு, “இப்ப உக்காருங்க” என்றது.

சுவரைப் பார்த்து உட்கார்ந்தேன். வெறும் பச்சைச் சுவர். அதில் ஓர் இடத்தில் சுண்ணாம்பு பெயர்ந்து ஒரு இலை மாதிரி இருந்தது. அதையே பார்த்துக்கொண்டு பட்டனில் விரலை வைத்துக் காத்திருந்தேன். ரொம்ப நேரத்துக்குப் பிறகு, எங்கோ தூரத்தில் கொசு ரீங்காரம் மாதிரி ஒன்று இரண்டு தரம் கேட்டது. அமுக்கினேன். மறுபடியும் ஒன்றுமில்லை. யாரோ தோளைத் தொட்டார்கள். அந்தப் பெண்தான்.

“எப்பங்க ஆரம்பிப்பீங்க?” என்று கேட்டேன்.

“முடிஞ்சுதுங்க” என்றது.

எதையும் பார்க்காமல் காதை மட்டும் நம்பி நான் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. என் காதில் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்பது அந்தச் சுவருக்கு முன்னால்தான் தெரிந்தது.

சோதனைச் சீட்டில் பேர் எழுதும்போது நான் யாருடைய அப்பா என்று அந்தப் பெண்ணுக்குத் தெரிந்துவிட்டது. முகத்தில் இருந்த சிரிப்புப் போய்விட்டது. என் முகத்தைப் பார்த்துச் சொன்னது. “நீங்கதான் வேலையை விடச் சொல்லீட்டீங்களாமே? இந்த மாசத்தோட நின்னுக்கறேன்னு உங்க பொண்ணு எழுதிக் குடுத்துருச்சுங்க.”

உதட்டைத் தப்பாகப் படித்துவிட்டேனோ என்று நினைத்தேன். வாழ்க்கையில் முதல் முறையாக அந்த வார்த்தையைச் சொன்னேன். “கேக்கலைங்க. இன்னொருக்கா சொல்லுங்க.”

அந்தப் பெண் திருப்பிச் சொல்லிவிட்டு, போய் என் மகளையே கூட்டி வந்தது. அவள் கையுறையைக்கூடக் கழற்றாமல் வந்து நின்றாள். என்னைப் பார்க்காமல், தரையைப் பார்த்துக்கொண்டு பேச ஆரம்பித்தாள்.

“என்னைப் பார்த்துப் பேசு சாமி” என்றேன். “அப்பாவுக்குக் கேக்காது.”

அவள் நிமிர்ந்தாள். “மாப்பிள்ளையோட அப்பா கேட்டப்ப ஆமாங்கன்னீங்க. ராத்திரிக்குச் சோறு வெக்கறப்ப, நெசமாவே நான் வேலையை உடணுங்களான்னு கேட்டேன். அதுக்கும் ஆமா சாமின்னீங்க. ரெண்டு தடவை சொன்னதுக்கப்புறம் நான் என்னன்னு கேக்கறதுங்க?”

“ரெண்டும் கேக்கலை சாமி.”

“கேக்காமயா ஆமான்னீங்க?”

“கேக்காததாலதான் ஆமான்னேன்.”

சோதனைச் சீட்டை வாங்கி அவளே படித்துப் பார்த்தாள். காது கொஞ்சம் மந்தம் என்பது அவளுக்குத் தெரியும், இவ்வளவு தூரம் என்று தெரியாது. உதட்டைப் படித்தே சமாளித்து, பெற்ற மகளையே நம்ப வைத்திருந்தேன். அவள் அழுதாளா கோபப்பட்டாளா என்று எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. கையுறையைக் கழற்றிக் கூடையில் போட்டுவிட்டு, “போங்கப்பா நீங்க” என்று சொல்லிவிட்டு வேலைக்குத் திரும்பிப் போய்விட்டாள். அது எனக்குக் கேட்கவில்லை, உதட்டில் படித்தேன்.

இரண்டு நாள் கழித்து, எடப்பாடி போய்ப் பஸ் மாறி சங்ககிரிக்குப் போனேன். அக்காவை அனுப்பியிருக்கலாம், தரகரை விட்டுச் சொல்லச் சொல்லியிருக்கலாம். ஆனால் ஆமாங்க என்று சொன்னது என் வாய். மாப்பிள்ளையின் அப்பா வாசலில் நின்ற லாரிக்குப் பக்கத்தில் இருந்தார். “வாங்க, வாங்க” என்று கையைப் பிடித்துக்கொண்டார்.

“எனக்குக் காது கேக்காதுங்க. கொஞ்சம் என் மூஞ்சியைப் பார்த்துப் பேசோணும்” என்றேன்.

விளையாட்டுக்குச் சொல்கிறேன் என்று நினைத்துச் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, “அன்னைக்கு அத்தனைக்கும் ஆமாங்க ஆமாங்கன்னீங்களே?” என்றார்.

“ஒண்ணுமே கேக்கலைங்க. மரியாதைக்குச் சொன்னதுங்க. பொண்ணு வேலைக்குப் போகுமுங்க. அது அவிக அம்மா படுத்துக் கெடந்தப்பப் படிச்ச படிப்புங்க. அதை உடச் சொல்ல எனக்கு வாய் வராதுங்க.”

அவர் என்னைப் பக்கத்து டீக்கடைக்குக் கூட்டிக்கொண்டு போனார். டீ வாங்கிக் கொடுத்தார். “ஊட்டுல கலந்துக்கிட்டுச் சொல்றோமுங்க” என்றார். பஸ் வரும்வரை கூடவே நின்றார்.

பங்குனியில் தரகர் வந்து, அந்த இடம் சரிப்படவில்லை என்றார். பெண் வேலைக்குப் போவதாலா, அப்பா செவிடு என்பதாலா என்று நான் கேட்கவில்லை. அதை மகளிடம் எப்படிச் சொல்வது என்று ஒரு நாள் முழுக்கத் திணறினேன். சொன்னபோது, “போச்சாதுங்கப்பா, போனாப் போகுது” என்றாள், என் முகத்துக்கு நேராக நின்று. வேலையை விடுவதாக எழுதிக் கொடுத்த கடிதத்தை அவள் அதற்கு முன்பே திரும்ப வாங்கிவிட்டிருந்தாள்.

இப்போது காதில் மெஷின் வைத்திருக்கிறேன். வைத்த அன்றைக்கே எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்தது தப்பு. அது சில நேரம் விசில் அடிக்கிறது. குக்கர் சத்தமும் பாத்திரச் சத்தமும் மண்டைக்குள் இடிக்கின்றன. பட்டறைக்குள் போகும்போது கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்கிறேன். அதே இருபத்து நாலு தறி, அதே சத்தம். இருக்கிற மிச்சமும் அங்கேதான் போகும் என்று தெரிந்தும், வேறு வேலை தெரியாது. சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் உடம்பு அசந்துபோகிறது. அந்த அசதியில் பழைய ‘ஆமாங்க’ எத்தனையோ தடவை நாக்கு நுனி வரைக்கும் வந்து நிற்கிறது.

மகள் இந்த ஜனவரியிலும் காலண்டரை மடியில் வைத்துக்கொண்டு எழுதினாள். மார்ச் மூன்றாம் தேதித் தாளில் நாளின் பெயர் மட்டும்தான் இருந்தது. கீழே வேறு ஒன்றும் இல்லை. காலையில் மெஷினைக் காதில் வைத்துக்கொண்டு அந்தத் தாளுக்கு மேலிருந்ததைக் கிழித்தேன். கிழிபடும்போது தாளுக்கு ஒரு சத்தம் உண்டு என்பதையே மறந்துபோயிருந்தேன். தலை பின்னிக்கொண்டே அவள் பின்னால் இருந்து என்னவோ கேட்டாள், பாதிதான் விழுந்தது. திரும்பி, “கேக்கலை சாமி” என்றேன்.

உலகத்தில் எல்லா நாளுக்கும் ஒரு பெயர் வைத்துவிட்டார்கள். என் மகள் சொல்வது எனக்குக் கேட்கவில்லை என்று போன வருஷம் ஆஸ்பத்திரியில் நானே வாய்விட்டுச் சொன்ன அந்த நாளுக்கு எங்கள் வீட்டில் என்ன பெயர் வைப்பது என்று இன்னும் எனக்குத் தெரியவில்லை, ஆனால் அன்றிலிருந்துதான் அவள் மறுபடியும் என்னோடு பேசுகிறாள்.