கருப்பிக்கு வைத்த சேலை

இன்பமேரிக்குக் கோபம் வருவதற்குக் காரணம் தேட வேண்டியதில்லை. வராமல் இருந்தால்தான் உடம்புக்கு என்ன என்று கேட்க வேண்டும். காரைக்குடியில் அவளுடைய தையல்கடைக்கு வரும் பெண்கள் அளவு கொடுக்கும்போது மூச்சு விடவும் யோசிப்பார்கள். புருஷன் பிலவேந்திரன் அவள் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் காப்பி கேட்பார். அப்படிப்பட்டவள் சனிக்கிழமை தவறாமல் கடையைப் பூட்டிவிட்டுப் பெண்கள் சிறைக்குப் பஸ் ஏறுவாள். விடுதலைக்குக் காத்திருப்பவர்களுக்குத் தையல் சொல்லிக்கொடுக்கத்தான் அனுமதி வாங்கினாள். வெளியே போனதும் ஊர் வாய் இவர்களைக் கிழித்துவிடும், அதற்குத் தையல் மட்டும் போதாது என்பது கொஞ்ச நாளிலேயே அவளுக்கு விளங்கிவிட்டது.

அதனால் வகுப்பு முடியும் நேரத்தில் நாடகம். இன்பமேரியே வீட்டுக்காரம்மா ஆவாள், மாமியார் ஆவாள், டீக்கடைக்காரன் ஆவாள். மூக்கைச் சுளித்துக்கொண்டு, "இத்தன வருஷமா எங்க இருந்த?" என்பாள். எல்லோரும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். ஆனால் பதில் சொல்பவள் தலையைக் குனிந்தால் திட்டு. பொய் சொன்னால் அதைவிடத் திட்டு. "ஜெயில்ல இருந்தேன். முடிச்சுட்டு வந்துட்டேன்" என்று முகம் பார்த்துச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். அதை அழாமல் சொல்ல, வகுப்புக்கு வந்த கருப்பிக்கு மாதக்கணக்கில் ஆனது.

கருப்பிக்கு ஊர் சாக்கோட்டைக்குப் பக்கம். தினமும் போட்டு அடித்துக்கொண்டிருந்த புருஷனை ஒருநாள் உலக்கையால் திருப்பி அடித்தாள். விழுந்தவன் எழுந்திருக்கவில்லை. மகள் சத்தியப்பிரியாவைத் தம்பி பாண்டிமுருகன் வளர்த்தான். ஆரம்பத்தில் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு பார்க்க வந்தவன், போகப்போக வருவதை நிறுத்திவிட்டான். "மகளப் பாக்கணும்க்கா, வேற ஒன்னும் வேணாம்" என்பாள் கருப்பி.

விடுதலையன்று சிறை வாசலுக்குத் தம்பி வரவில்லை. தகவல் சொல்லியும் வரவில்லை. இன்பமேரிக்கு அங்கேயே பற்றிக்கொண்டு வந்தது. "வா, நான் கூட்டிட்டுப் போறேன். என்னதான் சொல்றான்னு பாத்துருவோம்" என்று பஸ் ஏற்றினாள். வழியெல்லாம் கருப்பி அந்தப் பதிலை முணுமுணுத்துக்கொண்டே வந்தாள்.

வீட்டு வாசலில் செருப்புகள் நிறையக் கிடந்தன. உள்ளே சாம்பிராணிப் புகை. கல்யாணத்துக்கு முன்னால் வீட்டில் செத்தவர்களுக்குப் புதுத்துணி வைத்துக் கும்பிடுவது அந்தப் பக்கத்து வழக்கம். சத்தியப்பிரியாவுக்குத்தான் கல்யாணம். சுவரோரம் கருப்பியின் அப்பன், ஆத்தா படங்கள். பக்கத்தில் மூன்றாவதாகக் கருப்பியின் படம். மாலை போட்டு, பொட்டு வைத்து, முன்னால் இலையில் படையலும் ஒரு பச்சைச் சேலையும் வைத்திருந்தார்கள்.

ஊர் கேட்கக்கூடிய அத்தனை கேவலமான கேள்விக்கும் இன்பமேரி ஒத்திகை பார்த்திருந்தாள். உயிரோடு இருப்பவளைச் சாகடித்து மாலை போடுவார்கள் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை.

பாண்டிமுருகன் ஓடிவந்து வாசலை மறித்தான். "மாப்பிள்ள வீட்டாளுக உள்ள இருக்காக. அக்கா நெஞ்சுவலியில செத்துப்போச்சுன்னு சொல்லித்தான் சம்பந்தம் பேசியிருக்கேன். கெடுத்துறாதீக. கல்யாணம் முடியவும் நானே வந்து பாக்குறேன்."

"கோர்ட்டு குடுத்த தண்டனைய இவ முடிச்சுட்டா. நீ சாகடிச்சு வச்சிருக்கியே, இந்தத் தண்டனைய எந்த ஜட்ஜுடா குடுத்தான்?" இன்பமேரியின் குரல் தெருக்கோடிவரை போனது. "தங்கமான தம்பி. நல்லா இருடா."

அவள் கத்திக்கொண்டிருக்கும்போதே கருப்பி அவனைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள். நேரே தன் படத்துக்கு முன்னால் போய் நின்றாள். பச்சைச் சேலையை எடுத்து உதறித் தோளில் போர்த்திக்கொண்டாள்.

"எனக்கு வச்சதுதான" என்றாள்.

மாப்பிள்ளையின் தாய் தேவிகா திடுக்கிட்டு எழுந்தாள். "யாரு நீங்க? படத்துல இருக்கவுகளா? இத்தன வருஷம் எங்க இருந்தீக?"

"ஜெயில்ல இருந்தேன். முடிச்சுட்டு வந்துட்டேன்." அழாமல் சொன்னாள். மகளைக் கைகாட்டி, "இவளப் பெத்தவ நான்தான்" என்றாள்.

தேவிகா படத்தைப் பார்த்தாள், கருப்பியைப் பார்த்தாள், கடைசியாகப் பாண்டிமுருகனைப் பார்த்தாள். "உசுரோட இருக்கவுகளுக்குப் படையல் போட்டு, எங்களையும் கும்பிட வச்சுட்டீகளே" என்றாள். யோசித்துச் சொல்வதாகச் சொல்லிவிட்டுத் தன் ஆட்களோடு கிளம்பிவிட்டாள்.

"போச்சு, எல்லாம் போச்சு" என்று பாண்டிமுருகன் தலையில் அடித்துக்கொண்டான்.

"யோசிக்கட்டும் மாமா" என்றாள் சத்தியப்பிரியா. மாமா சொன்ன பொய்க்கு இத்தனை நாள் தலையாட்டியவள் அவள். படத்துக்கு முன்னால் இருந்த இலையை இரண்டு கையாலும் எடுத்து வந்து கருப்பியின் முன்னால் வைத்தாள். "உக்காந்து சாப்புடும்மா." கருப்பி அப்போதுதான் அழுதாள்.

அடுத்த சனிக்கிழமை வரை மாப்பிள்ளை வீட்டிலிருந்து பதில் வரவில்லை. இன்பமேரியின் கோபமும் ஆறவில்லை. அன்று வகுப்பில் துணியை ஒதுக்கிவிட்டு, வீட்டிலிருந்து கொண்டுபோன தன் படத்தைத் தையல் மிஷின்மேல் சாய்த்து வைத்தாள். அதற்கு ஒரு மாலையும் போட்டாள். இந்த முறை யாரும் சிரிக்கவில்லை.

"இது நான் இல்ல. நீங்கதான். வீட்டுக்குப் போறீக, இது தொங்குது. இப்ப என்ன செய்வீக?"

எப்போதும் மூலையில் பேசாமல் இருக்கும் ஜெரினா எழுந்து வந்தாள். மாலையை மெதுவாகக் கழற்றிக் கீழே வைத்தாள்.

"மெதுவா இல்லடி" என்று இன்பமேரி மாலையை எடுத்து மறுபடியும் படத்துக்குப் போட்டாள். "பிச்சு எறி."